மேற்கே பார்த்த டிஷ்

தொடர்ந்து எட்டு வெள்ளிக்கிழமைகள் மொட்டைமாடியில் நின்றேன். எட்டிலும் படம் வரவில்லை. டைரியில் நேரம், காற்று, அலைவரிசை, மீட்டர் காட்டிய அளவு எல்லாம் இருக்கின்றன. கடைசி வரி மட்டும் எட்டுப் பக்கத்திலும் ஒன்றே: "சிக்னல் பலவீனம். அனுப்பும் பக்கத்தில் பழுது இருக்கலாம்."

அனுப்புகிறவன் என் கல்லூரித் தோழன். காயல்பட்டினத்துக்காரன், வளைகுடாவில் வேலை. இருவரும் உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக அலை அனுப்பும் அமெச்சூர் ரேடியோக்காரர்கள். அவன் தன் அறையிலிருந்து ஒரு செயற்கைக்கோளுக்குத் தன் சொந்த டிவிப் படத்தை அனுப்புவான். அது மைக்ரோவேவ் அலையாகக் கீழே இறங்கும். தூத்துக்குடியில் என் டிஷ் அதைப் பிடிக்க வேண்டும். அனுப்பும் பெட்டியை இரண்டு வருடம் உட்கார்ந்து அவனே செய்தான். டிஜிட்டலில் மங்கல் படம், புள்ளிப் படம் என்றெல்லாம் கிடையாது. பலம் போதுமென்றால் முழுப்படம். கொஞ்சம் குறைந்தாலும் கறுப்புத் திரை.

"வாட்ஸ்அப்புல மூஞ்சியப் பாத்தா ஆகாதாக்கும்?" என்றாள் மனைவி. மீட்டரை எடுத்துக்கொண்டு மாடியேறினேன்.

என் அறிக்கையை நம்பி அவன் மூன்று முறை பெட்டியைப் பிரித்தான். எட்டாவது வாரம் போனில் சொன்னான்: "எனக்கு இது கைவராது போலலே. இங்க கம்பெனி வேலை முடிஞ்சிட்டு, ரூமக் காலி பண்ணச் சொல்லிட்டான். வார வெள்ளி ஒரு தடவ போடுதேன். வரலன்னா பெட்டியக் குப்பையில போட்டுட்டு ஊருக்கு வாரேன்."

அந்த வாரம் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அலுவலகத்தில் ஒரே லாரி எண்ணை இருமுறை எழுதினேன். காலையும் மாலையும் மாடியேறி போல்ட்டுகளைத் தொட்டுப் பார்த்தேன். உப்புக்காற்றின் துருவைத் தவிர குறை தெரியவில்லை. செயற்கைக்கோளில் எப்போதும் ஓடும் பலமான சோதனைப் படம் விட்டுவிட்டாவது வந்துகொண்டிருந்தது. அதனால் என் பக்கம் சரி என்றே நினைத்தேன்.

வெள்ளி மூன்று மணிக்கு, துருப்பிடித்த கிளாம்பை மாற்ற டிஷ் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். மேலே வந்ததும் சிரித்தார்.

"என்ன அண்ணாச்சி, ஊரு டிஷ்ஷெல்லாம் வானத்தப் பாக்கு, ஒங்க டிஷ் தாந்து மேக்க இருக்க புதுக்கோட்டையப் பாக்கு?"

பிறகு டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருந்த, அலையை வாங்கும் முனையான எல்என்பியை உற்றுப் பார்த்தார்.

"இத யாரு இப்படி வச்சது?"

"நாந்தான். நெட்டுல படம் பாத்து, அளந்து வச்சேன்."

"எந்த ஊருப் படம்?"

ஐரோப்பாவில் யாரோ போட்ட படம் என்றேன்.

"அவன் ஊருக்கு அது சரி. காயல்பட்டினத்துல அரபு சேனலுக்கு எத்தன டிஷ் வச்சிருக்கேன், அதுவும் இதே மேக்கதான்! இங்கன இத நல்லாத் திருகணும் அண்ணாச்சி."

அலை எந்தச் சாய்வில் வந்து விழுகிறதோ அந்தச் சாய்வில் எல்என்பி இருக்க வேண்டும். சாய்வு ஊருக்கு ஊர் மாறும். அவர் திருகி முடித்ததும் கோணமானியை வைத்துப் பார்த்தேன். ஐம்பது டிகிரிக்கு மேல் வித்தியாசம். வேறொரு ஊரின் கோணத்தை அரை டிகிரி பிசகாமல் வைத்திருந்திருக்கிறேன்.

நான்கு மணிக்குத் திரையில் அவன் இருந்தான். பின்னால் வெறும் சுவர், கட்டிவைத்த இரண்டு அட்டைப்பெட்டிகள். கையில் போனை வைத்துக்கொண்டு அதையே பார்த்திருந்தான். போனில் கூப்பிட்டேன். காதில் "சொல்லுலே" என்று கேட்டது. திரையில் அவன் இன்னும் போனை எடுக்கவில்லை. படம் வானத்துக்குப் போய் வந்து விரிய நான்கு நொடி ஆகிறது.

"முழுசா வருதுலே. ஒம் பெட்டியில ஒரு கொறையும் இல்ல. எட்டு வாரமும் தப்பு எங்கிட்டத்தான். எல்என்பியக் கோணலா வச்சிருந்தேன்."

"அட அல்லாவே! சரி விடுலே, இப்ப வந்துட்டுல்லா," என்று சிரித்தான்.

அதைச் சொன்ன முகம் பிறகுதான் வந்தது. வாய் சிரித்தது. கண் என் பக்கம் இல்லை. மூடி கழற்றிய பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்து, எடுக்காமல் இருந்தான்.

"அப்ப என்னலே செய்ய?" என்றது போன். "பெட்டியத் தூக்கிட்டு வரவா, வேண்டாமா?"

"தூக்கிட்டு வா," என்று சொல்லி போனை வைத்தேன். திரையில் அவன் இன்னும் என் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தான்.