மெயில் போனால்தான் வண்டி போகும்

சாத்தாங்காட்டுப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் எனக்கு வேலை. பெட்டிகள் வெளியே போவதற்கு வேண்டிய மெயில்களை நான்தான் எழுதுவேன். என் இங்கிலீஷ் காலடிப்பேட்டை ஸ்கூல் இங்கிலீஷ். அதை வைத்துத்தான் இத்தனை வருஷமும் பெட்டிகள் எண்ணூர் துறைமுகம் போய்ச் சேர்ந்தன. புது மேனேஜர் வந்ததும், தான் பார்க்காமல் ஒரு மெயிலும் போகக்கூடாது என்றார்.

அன்று காலையிலிருந்து ஒரு டிரெய்லர் கேட்டில் நின்றது. பெட்டி எண் தப்பாகப் பதிவாகியிருந்தது. ஏஜென்ட் ஆபீஸ் சரியான எண்ணைச் சொன்னால் வண்டி கிளம்பிவிடும். டிரைவர் ராயபுரத்துக்காரர். ஜன்னலில் தலையை நீட்டினார்.

"மேடம், சாயங்காலம் நம்ம மாதா கோயில்ல என் பொண்ணுக்குப் புதுநன்மை. மொத தபா சாமியார் கையால நன்மை அப்பம் வாங்கப் போவுது. நான் பக்கத்துல நிக்கணும்னு ஒரே அடம் புடிச்சிகினு கீது. சீக்கிரம் வுடு மேடம்."

"இதோ அனுப்பிடறேன் அண்ணா" என்று சொல்லி மெயிலை அடித்து மேனேஜரிடம் காட்டினேன். கடைசி வரியில் விரலை வைத்தார்.

"ரிவர்ட் பேக்கா? ரிவர்ட்னா பழைய நிலைமைக்குத் திரும்பறது. பதில் போடறதுக்கு அப்படி எழுதக்கூடாது."

'ரிப்ளை பேக்' என்று மாற்றினேன். ரிப்ளைக்கு எதுக்கு வால் என்றார். 'கெட் பேக் அஸ்' என்று போட்டேன். நடுவில் 'டு' எங்கே என்றார். அவர் சொன்னதெல்லாம் சரி. வேறொரு நாள் வகுப்பெடுத்தால் உட்கார்ந்து கேட்டிருப்பேன். அன்றைக்கு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சார், ஒரு போன் போட்டுக் கேட்டுடலாம் சார்."

"எல்லாம் எழுத்துல இருக்கணும்மா. தப்பா போனா நம்மளைப் பார்த்துச் சிரிப்பாங்க."

யார் சிரிப்பது? ஏஜென்ட் ஆபீஸ் பையன் 'ஓகே மேம்' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை எழுதி நான் பார்த்ததே இல்லை. மேனேஜர் சாப்பிடப் போனார். வந்தார். எங்கேயோ ஒரு கமாவை எடுத்தார். அட கடவுளே என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். ஒருவழியாக மெயில் போனது. பதில் வரவில்லை.

பொழுது சாயும்போது அந்தப் பையனே வேறு வேலையாகப் போன் செய்தான். நான் கேட்டதும் அப்போதே எண்ணைச் சொல்லிவிட்டான்.

"மெயில் எல்லாம் யாரு மேடம் பாக்குறா? காலைலயே ஒரு போன் அடிச்சிருக்கலாம்ல?"

கேட் பாஸை எடுத்துக்கொண்டு ஓடினேன். இனி எண்ணூர் ரோட்டு லாரி வரிசையில் நின்று, பெட்டியை இறக்கி, அவர் எப்போது ராயபுரம் திரும்புவது? வண்டியின் படியில் ஏறினேன். புது வெள்ளைச் சட்டையைக் கழுத்துப் பட்டன்வரை போட்டுக்கொண்டு ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்திருந்தார். எதிரே சாய்த்து வைத்திருந்த போனில் வீடியோ கால் ஓடிக்கொண்டிருந்தது, கோயில் பாட்டு கேட்டது.

"பேப்பர அங்கியே வை மேடம்" என்றார், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "பாப்பா வாங்கப் போவுது. திரும்பித் திரும்பி வாசலையே பாத்துகினு கீது."