நீலம் கூடிய சுவர்

சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் ஊற்றியதும் தகர டின்னுக்குள் அது சீறிக் கொதிக்கிற சத்தமும், மூக்கில் ஏறுகிற அந்தச் சூடான நெடியும்தான் எனக்கு இன்றைக்கும் கிறிஸ்துமஸ். சித்தூரில் மிஷன் காம்பவுண்டை ஒட்டிய எங்கள் தெருவில் டிசம்பர் பிறந்தால் வீட்டுக்கு வீடு வெள்ளையடிப்பார்கள். பாதிரியாரை நாங்கள் ‘ஐயர்’ என்போம், பாட்டுப் பாடிக்கொண்டு சபையாரோடு வருகிற அவர் கண்ணில் அழுக்குச் சுவர் படக்கூடாது.

அந்த அழுக்கில் பாதி என் கைவேலை. அடுப்புக்கரியால் கூடத்துச் சுவர் முழுக்க வருடம் பூராவும் பால்காரரின் சைக்கிள், மாம்பழ லாரி, தூங்கும் பூனை என்று எதையாவது கிறுக்கி வைத்திருப்பேன். நைனா பனைநார் ‘மட்டை’யை டின்னில் முக்கியபடி என்னைத் திரும்பிப் பார்த்து, “எத்த வுடணும்மா?” என்பார். நான் கைகாட்டிய ஒரே ஒரு படத்தைச் சுற்றி ஜாக்கிரதையாக அடித்து, அதை மட்டும் அடுத்த டிசம்பர் வரை விட்டுவைப்பார். இப்படி ஒரு நைனா வேறு எந்த வீட்டிலும் இல்லை என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொள்வேன்.

ஒரு வருடம் அம்மாவின் படத்தைக் காட்டினேன். முறத்தை மடியில் வைத்து, தலையை ஒருபக்கம் சாய்த்து, அரிசியில் கல் பொறுக்கும் அம்மா. அச்சு அசலாக வந்திருந்தது. அதற்குப் பிறகு எதுவும் எனக்கு அப்படி வந்ததில்லை. அம்மாவுக்கோ வெட்கம் பிடுங்கித் தின்றது.

“ஐயரு நின்னு ஜெபம் பண்ற எடத்துல எம் மூஞ்ச வச்சிக்கினு இருப்பாங்களா?”

“கொயந்த வரைஞ்சிகீது, இருந்துட்டுப் போவட்டும் வுடு,” என்றார் நைனா.

அம்மா விடவில்லை. கரி வெளியே தெரிந்துவிடுமோ என்று, ஆராதனைக்கு உடுத்தும் நைனாவின் வேட்டிக்குப் போடுகிற சொட்டுநீலத்தைச் சுண்ணாம்பில் தாராளமாகக் கலக்கி, மட்டையைப் பிடுங்கி, நைனாவைப் போல மேலும் கீழுமாக இழுக்காமல், தரை மெழுகுகிற பழக்கத்தில் குறுக்கே வளைத்து வளைத்துத் தன்னைத் தானே அழித்தாள். என் அழுகையைப் பார்த்து, “அடுத்த வருசம் பெருசா வரைவியாம், நான் ஆடாம உக்காந்துகினு இருப்பேன்,” என்று சிரித்தாள்.

அடுத்த டிசம்பருக்கு அம்மா இல்லை. மழைக்காலத்துக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. மிஞ்சியது ரேஷன் அட்டையில் ஒரு மிரண்ட முகம். அது அவளே அல்ல.

இப்போது திருப்பதியில் ஒற்றை அறையில் படம் வரைந்து காலம் தள்ளுகிறேன். சித்தூர் பஸ்ஸில் கூட வருகிற பெண்களைத்தான் கொஞ்ச காலமாக வரைகிறேன். வழியில் பூதலப்பட்டு நெருங்கும்போது பாதிப் பேர் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கியிருப்பார்கள். அம்மாவின் அந்தச் சாய்வு மட்டும் யாரிடமும் கிடைக்கவில்லை.

சாலையை அகலப்படுத்த எங்கள் வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்று போன வருடம் தெரிந்ததும், ஒரு தோசைக்கரண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். கூடத்துச் சுவரை ஏடு ஏடாகச் சுரண்டினேன். ஓரிடத்தில் நீலம் கூடித் தெரிந்தது. கரண்டி பட்டதும் சுண்ணாம்பு கரியோடு சேர்ந்து பெயர்ந்து, கையில் பொடியாக உதிர்ந்தது. மிச்சமிருந்த நீலத் துண்டில் முகம் இல்லை. அம்மா மட்டையை இழுத்த தடம்தான் குறுக்கே வளைந்து ஓடியது. அவள் ஆயுளில் தீட்டிய ஒரே படம் அதுதான் என்று தோன்ற, தொடப் பயந்து பார்த்துக்கொண்டே நின்றேன். மறுநாள் இயந்திரம் வந்தது.

அந்தக் கூடத்தின் மேல் இன்று லாரிகள் போகின்றன. என் அறையில் ஒரு பெரிய துணியை விரித்து, வெள்ளையில் நீலம் கலந்து, தினமும் அந்தத் தடத்தை வரவழைக்கப் பார்க்கிறேன். தூரிகையை எடுத்தால் என் கை நைனாவின் மட்டையைப் போல மேலும் கீழுமாகத்தான் போகிறது. அம்மாவின் கை எனக்கு வரவில்லை.