வலது சுண்டுவிரல்

இசக்கிசெல்வியிடம் பதினெட்டு பொம்மைகள் இருக்கின்றன. எல்லாம் ஸ்பெயின் நாட்டுப் பழைய பீங்கான். வந்து சேர்ந்தபோது எல்லாவற்றுக்கும் ஏதாவதொரு அங்கம் போயிருந்தது. வாத்துக்கு அலகு இல்லை, வயலின்காரனுக்கு வில் இல்லை, கன்னியாஸ்திரீக்குக் கட்டைவிரல் இல்லை. முழுசாக இருப்பதை வாங்க ஒரு டெண்டல் லேப் டெக்னீஷியனின் சம்பளம் காணாது. அதனால் உடைந்ததாகப் பார்த்து வாங்கி, போனதைத் தானே பீங்கானில் செய்து ஒட்டுவாள்.

"இது வீடா, பொம்மை ஆசுபத்திரியா?" என்பான், திருவனந்தபுரம் சாலைக் கடைவீதியில் மளிகைக்கடை வைத்திருக்கும் கணவன் பகவதிப்பெருமாள். ஆனால் பார்சல் வந்தால் அவன்தான் முதலில் பிரிப்பான்.

கிழக்கேகோட்டையில், பேருந்துச் சத்தத்துக்கு நடுவே ஒரு மாடியறையில் அவளுக்கு வேலை. பீங்கான் பொடியைத் தண்ணீரில் குழைத்து, தூரிகையால் அடுக்கி, சூளையில் சுட்டுப் பல் செய்வது. இருபது வருஷமாகச் செய்கிறாள், ஒரு மனிதர்கூட வந்து நன்றாயிருக்கிறது என்று சொன்னதில்லை. சொல்லவும் முடியாது. யார் கண்ணிலும் படாததுதான் நல்ல பல்.

இந்தப் பைத்தியம் பிடித்தது பதினோரு வருஷத்துக்கு முன்னால். ஒரு பல் டாக்டர், தன்னிடம் வரும் நோயாளி ஒருவருடையது என்று ஒரு பொம்மையைக் கொடுத்தனுப்பினார். மடியில் புறாவோடு ஒரு பெண். இரை கொடுக்க நீட்டிய வலது கையில் சுண்டுவிரல் இல்லை. "ஒரு விரல் வச்சுக் குடு செல்வி."

அதைக் கையில் எடுத்தவளுக்கு மூச்சே நின்றுவிட்டது. சூளையில் பீங்கான் எப்படிச் சுருங்கும், எங்கே வெடிக்கும் என்பதெல்லாம் தெரிந்தவள் அவள். ஒரு பல்லுக்கே நாலு முறை நெஞ்சு அடித்துக்கொள்ளும். இங்கேயோ புறாவின் இறகு ஒவ்வொன்றும் வெளிச்சம் ஊடுருவும் மெல்லிசு. இதைச் சுட்டவன் மனுஷன்தானா? தெரியாதவர்களுக்கு அது அழகான பொம்மை, அவ்வளவுதான். அவளுக்கு அழுகையே வந்தது.

நான்கு நாள் அந்தப் பெண் அவள் மேஜையில் இருந்தாள். முதல் விரல் வெடித்தது, இரண்டாவது குட்டையாகிவிட்டது, மூன்றாவது நிறம் சேரவில்லை. நான்காவது உட்கார்ந்தது. பல்லுக்காரி புத்தி போகுமா? நகத்துக்குப் பல் நுனியில் வைக்கும் எனாமல் பொடியை வைத்துவிட்டாள். பொம்மை திரும்பிப் போயிற்று. அதற்குப் பிறகு எத்தனையோ வந்தும், அந்த ஒருத்தியை இன்னொரு தரம் பார்த்துவிட வேண்டும் என்ற ஏக்கம் மட்டும் தீரவேயில்லை.

போன மாதம் முன்பல்லுக்கு நிறம் பார்க்க லேபுக்கு ஒருவர் வந்தார். ஸ்ரீவராகத்துக்காரர், சேஷன், தணிக்கை அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர். பல்வரிசைக்குப் பக்கத்தில் அவள் மாதிரிப் பற்கள் கோத்த ஷேட் கைடைப் பிடிக்க, அவர் கண், அலகு வைக்க அவள் கொண்டுவந்து மேஜைமேல் வைத்திருந்த வாத்துக்குப் போய்விட்டது.

"ஸ்பெயின்னா இது!" என்று வாயைத் திறந்தபடியே கத்தினார். "எங்காத்துல நாப்பது இருக்கு. ஒண்ணுல ஒரு கீறல் கிடையாது. ஞாயித்துக்கிழமை வாங்கோ."

போனாள். கூடத்துச் சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி. பொம்மை ஒவ்வொன்றின் அடியிலும் சேஷன் கைப்பட எழுதிய அட்டை: பெயர், வருஷம், கடைசி வரியில் 'குறை: இல்லை.' பூட்டின சாவி அவர் பூணூலில். "என்னைத் துடைக்கக்கூட விடமாட்டார்" என்றாள் அவர் மனைவி விஜயம்.

நடுத்தட்டில் புறாவோடு அவள் இருந்தாள்.

இசக்கிசெல்வி கண்ணாடியோடு முகத்தை ஒட்டி நின்றாள். அதே கழுத்து, அதே இறகு. சேஷன் அவள் பார்த்த இடத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"விதுரா பக்கம் ஒருத்தராத்துலேர்ந்து வாங்கினேன். மத்ததெல்லாம் விடுங்கோ, அந்தச் சுண்டுவிரலைப் பாருங்கோ. நகத்துல உயிர் ஓடறது! எந்த மகானோ பண்ணியிருக்கான். இதுக்காகத்தான் மீதி முப்பத்தொன்பதையும் வாங்கினேன்."

அவள் அந்த நகத்தைப் பார்த்தாள். சொல்லலாமா? சொன்னால் மனிதர் உடைந்துபோவார். சொல்லாவிட்டால் என்ன நஷ்டம்? யார் கண்ணிலும் படாமல் இருப்பது அவளுக்குப் பழகினதுதானே.

அதற்குள் சேஷன் ஜன்னலைச் சாத்தி, புதிதாக வந்திருந்த புற ஊதா டார்ச்சை எடுத்தார். "ஒட்டின இடம் இருந்தா இதுல பளிச்சுனு காட்டிக் குடுத்துடும். இன்னிக்கு என் பொம்மைக்கெல்லாம் ஆடிட்!" மேல்தட்டு முழுக்கச் சுத்தம். ஒவ்வொன்றுக்கும் குழந்தை மாதிரி சிரித்தார். டார்ச் நடுத்தட்டுக்கு இறங்கியது.

"சார், அதுல அடிக்காதீங்க."

"ஏன்?"

"அந்த விரல் மின்னும். பல்லுக்கு வைக்கிற பீங்கானு, நெசப் பல்லு மாதிரி இந்த வெளிச்சத்துல மின்னத்தான் செய்யும். நான் செஞ்சதாக்கும், சார்."

சேஷன் நம்பவில்லை. டார்ச்சை அடித்தார். பெண்ணும் புறாவும் இருட்டில் மங்கிக் கிடக்க, சுண்டுவிரல் மட்டும் வெளிர்நீலமாக எரிந்தது.

விஜயம் ஜன்னலைத் திறந்தாள். சேஷன் நாற்காலியில் உட்கார்ந்து, இசக்கிசெல்வியின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பீங்கான் பொடி ஏறி வெளுத்த விரல்கள்.

"வரவாளுக்கெல்லாம் இத்தனை வருஷமா இந்த விரலைத்தான் காமிச்சேன்" என்றார் கடைசியில். "ஆளைத்தான் ஸ்பெயின்ல தேடிண்டிருந்தேன்."

எழுந்து அலமாரியைத் திறந்தார். பொம்மையை எடுத்து அவள் கையில் கொடுத்தார். பதினோரு வருஷம் கழித்து அதை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். விரலைப் பார்த்தாள். பாவி, நன்றாகத்தான் இருக்கிறது என்று அன்றுதான் அவளுக்கே தோன்றியது.

சேஷன் அட்டையையும் பேனாவையும் எடுத்தார். கடைசி வரியை அடிக்கப்போகிறார் என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எழுதி முடித்து அவளிடமே நீட்டினார்.

'குறை: இல்லை' அப்படியே இருந்தது. அதற்குக் கீழே புது மையில் ஒரு வரி.

'வலது சுண்டுவிரல்: இசக்கிசெல்வி, திருவனந்தபுரம்.'