ரோஜாவின் நடுவே இலை

செகந்திராபாத் ஏ.எஸ்.ராவ் நகரில் எங்கள் மொட்டைமாடித் தொட்டியில் அந்தக் குளிர்காலத்தில் ஒரு ரோஜா விசித்திரமாகப் பூத்தது. சிவப்பு இதழ்களுக்கு நடுவே, மகரந்தம் இருக்க வேண்டிய இடத்திலிருந்து பச்சைத் தண்டு ஒன்று கிளம்பி, அதில் குட்டி இலைகள் விரிந்திருந்தன.

"அபசகுனம். வெட்டிப் போடு" என்றார் மாமியார்.

நான் தண்ணீர் ஊற்றினேன். கல்லூரியில் தாவரவியல் படித்தவள். கல்யாணமான பிறகு அந்தப் படிப்பைப் பற்றி யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. புத்தகத்தில் மட்டும் படித்திருந்த ஒன்று என் வீட்டிலேயே நடந்திருக்கிறது. விடுவேனா?

ஞாயிற்றுக்கிழமை சைனிக்புரியில் மலர்க் கண்காட்சி. தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு மகளோடு ஆட்டோவில் போனேன். நடுவர் செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர். குனிந்து பார்த்துவிட்டுக் கையை ஆட்டினார்.

"இது நக்கோ மேடம், வேணாம். டிஃபெக்ட் பீஸ்."

"டிஃபெக்ட் இல்ல சார். இலையும் இதழும் ஒரே மாதிரி அரும்புலேருந்துதான் வருது. செடி கொஞ்சம் மனசு மாறினா, இது அதுவாகும்."

"ஹவ், ஆமா, புக்ல இருக்கும். போட்டிக்குப் பூ வேணும்."

அதே செடியில் ஒழுங்காகப் பூத்திருந்த இன்னொரு ரோஜாவைப் பறித்துப் பிரித்தேன். உள்ளே ஓர் இதழ், பாதி சிவப்பு; அதன் ஓரத்தில் மஞ்சளாக மகரந்தப் பை ஒட்டியிருந்தது. அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"காட்டு ரோஜாவுக்கு அஞ்சே இதழ். மிச்சமெல்லாம் மகரந்தத்தாள் மாறி வந்த இதழ். மகரந்தத்தாள் இதழானா முதல் பரிசு, அங்கேயே இலை வந்தா குப்பையா?"

அவர் அந்த இதழை விரலால் புரட்டிப் பார்த்தார். "ரூல் ரூல்தான் மேடம்" என்றார் கடைசியில்.

தொட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். வீட்டுக்குப் போகவில்லை. கேட்டை ஒட்டி எல்லார் கண்ணிலும் படும்படி வைத்தேன்.

"கைக்கு மா? சலோ, கர் ஜாயேங்கே" என்று ஊர் இந்தியில் கெஞ்சி, வீட்டுக்குப் போகலாமென மகள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நீ வேணும்னா போ."

முறைத்தாள். பிறகு எங்கிருந்தோ ஒரு அட்டையைக் கொண்டுவந்து, 'இதுவும் ரோஜாதான்' என்று தெலுங்கில் எழுதித் தொட்டியில் சாய்த்து வைத்தாள்.

சாயங்காலம் வரை அங்கேயே நின்றோம். சிலர் சிரித்தார்கள். பலர் குனிந்து பார்த்துக் கேள்வி கேட்டார்கள். எல்லாருக்கும் பதில் சொன்னேன், தொண்டை கட்டும் வரை. பரிசு எதுவும் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தொட்டியை வாசற்படி ஓரத்திலேயே வைத்தேன். மாமியார் ஏதோ முணுமுணுத்தார். இதழ்கள் உதிர்ந்த பிறகும் பச்சைத் தண்டு சில நாள் நின்று, தானாகவே காய்ந்தது. நான் அதை வெட்டவில்லை.