தேன் புட்டியும் உடைக்காத கண்ணாடியும்

மறைந்த மரகதம் அவர்களின் ஆய்வகத் தோழர்களுக்கு வணக்கம். நினைவுமலருக்கென நீங்கள் கேட்ட கட்டுரை காலந்தாழ்ந்து வருகிறது, பொறுத்தருள வேண்டுகிறேன். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டிய பின்னரே அனுப்புவது என் வழக்கம். இம்முறை அதற்கு வழியில்லை.

செய்தி வந்தபோது கச்சிராயபாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்குச் செல்லும் டவுன் பஸ்ஸில் இருந்தேன். அவருடைய தம்பி அழைத்தார். "அக்கா, எங்க அக்கா பூட்டாங்க. நெஞ்சு வலிக்குதுன்னாங்க, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள..." பஸ்ஸில் தெரிந்த முகங்கள் பல இருந்தன. மரகதத்தை அறிந்தவர் ஒருவருமில்லை.

நான் தையற்கடை நடத்துபவள். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றபின் நூலகத்தில் அமர்ந்து அறிவியல் கற்றவள். கற்றதைத் தமிழில் எழுதுபவள். இதைச் சொல்வதில் எனக்குப் பெருமை உண்டு. உயிரியக்கக் கண்ணாடியைப் பற்றிய என் கட்டுரையைப் படித்துவிட்டு மரகதம் தாமாகவே அழைத்தார்.

"இன்னா புலவரே, எலும்பு முறிஞ்ச எடத்துல வெக்கிற கண்ணாடின்னு சொல்லி உட்டுட்டீங்க. சுடும்போது அதுல படிகம் கட்டிடுச்சுன்னா கரையறது கம்மியாயிடும், எலும்பு வளர்றதும் மெதுவாயிடும். படிகம் எங்க ஆரம்பிக்குதுன்னு பாக்கறதுதாங்க என் பொழப்பே."

அன்றுமுதல் ஞாயிறுதோறும் பேசினோம்.

கண்ணாடியை உடைத்துப் பார்க்க அவர் ஒப்பமாட்டார் என்பது உங்களுக்குத் தெரியும். "ஒடைச்சா, படிகம் தானா கட்டுனது எது, நாம கெடுத்தது எதுன்னு எப்படிங்க தெரியும்?" என்பார். சூடேற்றும் ஒவ்வொரு படிநிலையிலும் எக்ஸ் கதிரால் சுற்றிச் சுற்றிப் படமெடுத்து, அவற்றை அடுக்கிக் கண்ணாடியின் உள்ளுருவைக் கணினியில் எழுப்புவார்.

ஒருமுறை இருவரும் ஜீப்பில் வெள்ளிமலைக்குச் சென்றோம். சந்தையில் தேன் விற்ற பெண்மணியிடம் ஒருவர் புட்டியை நீட்டிச் சண்டையிட்டுக்கொண்டிருந்தார்.

"சக்கரையக் கலந்துட்டு தேன்னு விக்கிறியா?"

"தேனு ஒறையத்தான்யா செய்யும்! வெயில்ல வெச்சா எளகிடும். நம்பலன்னா தேனீயப் போய்க் கேளு!"

மரகதம் சிரித்தபடி அந்தப் புட்டியை வாங்கிக்கொண்டார். நடுவே சிக்கியிருந்த மெழுகுத் துணுக்கைச் சுற்றித் தேன் வெண்படிகமாய் உறைந்திருந்தது. கண்ணாடியிலும் படிகம் இவ்வாறு உள்ளிருந்தே தொடங்கும் என்றேன்.

"ஓரத்துலதாங்க ஆரம்பிக்கும். பந்தயமா புலவரே?"

தோற்றவர் அடுத்த தேன் புட்டியை வாங்க வேண்டும். அவருடைய புதிய கண்ணாடிக் கலவையின் படங்களே தீர்ப்பு. அன்று வாங்கிய புட்டியை என்னிடமே கொடுத்துவிட்டார்.

கடைசியாகப் பேசியபோது படமெடுப்பு முடிந்திருந்தது. "இன்னாவாம் தீர்ப்பு?" என்று அவருடைய பேச்சிலேயே கேட்டேன். உரக்கச் சிரித்தார். "பாதி பாத்துட்டேன். ஞாயித்துக்கெழம சொல்றேன், அதுவரைக்கும் தவிச்சிக்கினு இருங்க."

அந்த ஞாயிறன்று அவர் இல்லை.

புட்டி என் தையல் இயந்திரத்தின் அருகில் இருக்கிறது. இப்போது அடிமுதல் வாய்வரை உறைந்துவிட்டது. இளக்கும் வழி அறிவேன். வெயிலில் வைக்க மனம் வரவில்லை. அவரிடமிருந்து என்னிடம் எஞ்சியவை அந்தப் புட்டியும், ஞாயிறு வந்தால் கைபேசியை அருகில் வைத்துக்கொண்டு தைக்கும் பழக்கமும், புலவர் என்ற பெயரும். அப்பெயரால் என்னை அழைக்க இனி எவருமில்லை.

அந்தப் படங்கள் உங்கள் கணினியில் இருக்கும். படிகம் ஓரத்தில் தொடங்கியதா, உள்ளேயா? தோற்றவள் நானெனில் வெள்ளிமலைக்குச் சென்று தேன் வாங்குவேன். அதை யாரிடம் கொடுப்பது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன்.

விரைந்து பதில் எழுதுங்கள்.