அறையில் ஒருவரும் இல்லை

ஜெர்மனிக்குப் போய் வந்தவர்கள் கோட்டைகளைப் பற்றியும் அரசர்களைப் பற்றியும் எழுதுவார்கள். எனக்கு அவை ஒன்றும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பு நின்றுபோனவள் நான். நாலு பேர் இருக்கிற இடத்தில் யாராவது என் பக்கம் திரும்பினாலே தலையைக் குனிந்துகொள்வேன். அப்படிப்பட்டவள் எழுத வந்திருப்பதை வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பார்த்த ஊரைப் பற்றி இதில் அதிகம் இருக்காது. அங்கே ஒரு பின்னேரம் நான் பயந்ததைப் பற்றித்தான் இருக்கும்.

மொன்றியலில், டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் நானும் கணவரும் மகளின் குடும்பத்தோடு இருக்கிறோம். நாங்கள் விமானம் ஏறினால் அது ஒரு கலியாண வீட்டுக்கு, இல்லாவிட்டால் ஒரு செத்த வீட்டுக்கு. ஒருதரமாவது சும்மா சுற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று மகள்தான் டிக்கெட் போட்டுத் தந்தாள். ஊரின் பெயர் கோப்ளென்ஸ். மோசல் ஆறு வந்து ரைன் ஆற்றில் சேருகிற இடம். அங்கே எங்களுக்குச் சொந்தக்காரர் ஒருவரும் இல்லை. விமான நிலையத்தில் கூட்டிப்போக ஆள் வராத பயணம் எங்களுக்கு அதுதான் முதல் தடவை.

போய்ச் சேர்ந்த அடுத்த நாள் காலையில் ஆறுகள் சேரும் முனையைப் பார்த்தோம். கல் பதித்த தெருக்களில் நடந்ததில் என் கணவருக்கு முழங்கால் வீங்கிவிட்டது. மத்தியானம் சாப்பிட்டதும் படுத்துவிட்டார். தொந்தரவு செய்யவேண்டாம் என்ற அட்டையைக் கதவில் தொங்கவிட்டுவிட்டு, இரவுக்குத் தயிர் வாங்கலாம் என்று நான் இறங்கினேன். தனியாகக் கடைக்குப் போய், வாயைத் திறக்காமலே வாங்கிவிட்டது எனக்குப் பெரிய காரியமாக இருந்தது.

திரும்பி வந்தபோது ஹோட்டல் இருக்கும் தெருவுக்குக் குறுக்கே சிவப்பும் வெள்ளையுமாக நாடா கட்டியிருந்தார்கள். ஒலிபெருக்கி பூட்டிய வாகனமொன்று ஏதோ சொல்லிக்கொண்டே மெதுவாகப் போனது. ஆட்கள் பைகளோடும் நாய்களோடும் வந்துகொண்டிருந்தார்கள். நாடாவுக்கு அருகில் நின்ற இளம் பொலிஸ்காரன் ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னான். ஆற்றங்கரையில் கட்டடத்துக்குக் கிண்டிய இடத்தில் இரண்டாம் உலக யுத்தக் காலத்துக் குண்டு ஒன்று வெடிக்காமல் கிடந்திருக்கிறது. அதைச் செயலிழக்கச் செய்யும்வரை அந்தப் பகுதியில் ஒருவரும் இருக்கக்கூடாது. நான் அந்த ஹோட்டலில்தான் தங்கியிருக்கிறேனா என்று கேட்டான். தலையாட்டினேன். அறையில் இன்னும் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டான்.

"ஒருவரும் இல்லை" என்றேன்.

யோசித்துச் சொன்னதல்ல. கலியாணம் கட்டிய புதிதில், கனடா விசாவுக்காகக் கொழும்பில் ஒரு லொட்ஜில் மாதக்கணக்காக இருந்தோம். ஊரில் யுத்தம் நடந்த காலம். தமிழ்ப் பொடியன்களைத் தேடிப் பொலிஸ் வந்து கதவைத் தட்டினால் அவர் குளியலறைக்குள் போய்விடுவார். நான் கதவைத் திறந்து, இங்கே ஆம்பிளைகள் ஒருவரும் இல்லை என்று சொல்வேன். பக்கத்து அறைகளில் பிடிபட்ட பொடியன்களில் சிலர் திரும்பி வரவே இல்லை. சீருடை போட்டவன் அந்தக் கேள்வியைக் கேட்டால் எனக்கு வரும் பதில் ஒன்றுதான். அது கேள்விக்கு முந்தி வந்துவிடும்.

அந்த இளம் பொலிஸ்காரன் நன்றி சொல்லி, எல்லாரும் போகிற திசையைக் காட்டினான். நானும் போனேன்.

ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டு மண்டபத்தில் இருத்தினார்கள். தேத்தண்ணீரும் வாழைப்பழமும் தந்தார்கள். வயதான பெண்கள் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு முகத்திலும் பயமில்லை. தயிர்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. கணவரின் ஃபோனுக்கு அழைத்தேன். மணி அடிக்கவே இல்லை. ஃபோன் நிறுத்தப்பட்டிருந்தது. திரும்பத் திரும்ப அழைத்தேன். அப்போது ஒருவர் ஒலிவாங்கியில் ஜெர்மனில் ஏதோ அறிவித்தார். பக்கத்திலிருந்த பெண்ணிடம் கையால் கேட்டேன். எல்லாரும் வெளியேறிவிட்டார்கள், கொஞ்ச நேரத்தில் குண்டில் கை வைக்கப்போகிறார்கள் என்று அவள் சிரித்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னாள்.

மகளுக்கு எடுத்தேன். அங்கே காலை. பிள்ளையைக் கார்டெரி என்கிற பகல் காப்பகத்தில் விட்டுவிட்டு வேலைக்குக் காரோட்டிக்கொண்டிருந்தாள். அழாமல் சொல்லி முடித்தேன்.

"பொலிஸிட்டப் போய்ச் சொல்லுங்கோம்மா. இப்பவே."

"முதல் இல்லையெண்டு சொல்லிப்போட்டனே. இப்ப இருக்கிறார் எண்டு சொன்னா அவரைப் பிடிச்சுக்கொண்டு போனா?"

"ஏன் பிடிக்கினம்? அப்பா என்ன செய்தவர்?"

"அந்த நேரமும் அவர் ஒண்டும் செய்யேல்லத்தானே."

அவள் கனடாவில் பிறந்தவள். "அம்மா, ஃபோனை வைச்சிட்டு எழும்பிப் போங்கோ" என்றாள்.

மண்டப வாசலில் ஒரு பொலிஸ்காரி வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டு நின்றாள். அவ்வளவு தூரம் அத்தனை பேருக்கு நடுவால் நடந்து போனது எப்படி என்று இப்போதும் தெரியவில்லை. குண்டு வெடித்தால் அவர் போய்விடுவார், சொன்னால் இவர்கள் கொண்டுபோய்விடுவார்கள், இரண்டில் எது என்று மனது மாறி மாறி அடித்துக்கொண்டது. அவளுக்கு முன்னால் நின்றேன். அவள் பழத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அறையில் என் கணவர் இருக்கிறார் என்றேன். இல்லை என்று பொய் சொன்னேன், அவர் இருக்கிறார், அவருக்கு முழங்கால் ஏலாது என்றேன். எந்த ஹோட்டல், எத்தனையாவது மாடி என்று மட்டும் கேட்டாள். ஏன் பொய் சொன்னாய் என்று கேட்கவில்லை. வயர்லெஸ்ஸில் வேகமாகப் பேசினாள்.

மறுபடியும் அறிவிப்பு வந்தது. மண்டபத்தில் ஒரு சலிப்புச் சத்தம் எழுந்து அடங்கியது. வேலை நிறுத்தப்பட்டது என்னால்தான் என்று ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், சுவரோடு ஒட்டி நின்றேன்.

எவ்வளவு நேரம் நின்றேனோ, பொலிஸ் வான் ஒன்று வாசலில் வந்தது. இடுப்பில் கட்டிய சாரத்துக்கு மேலே குளிர் ஜாக்கெட்டும், காலில் ஹோட்டல் செருப்புமாக அவர் இறங்கினார். இரண்டு பக்கமும் சீருடைக்காரர்கள். விலங்கு இருக்கிறதா என்று முதலில் அவர் கைகளைத்தான் பார்த்தேன். ஒருவன் அவருடைய முழங்கையைப் பிடித்து, படியில் பார்த்து ஏறச் சொல்லிக்கொண்டிருந்தான்.

கதிரையில் இருத்தியதும், என்னப்பா, இவ்வளவு நித்திரையா என்று கேட்டேன்.

"நித்திரை எங்க? தட்டினது கேட்டது. பொலிஸ், பொலிஸ் எண்டு தட்டினாங்கள். லைட்டை நிப்பாட்டிப்போட்டு பாத்ரூமுக்குள்ள போய் இருந்திட்டன். பேந்து சாவி போட்டுத் திறந்து வந்திட்டாங்கள்."

"ஃபோன்?"

"சத்தம் போடுமெண்டு அதையும் நிப்பாட்டினன்." பிறகு என்னைப் பார்த்து, "நீர் என்ன சொன்னனீர்?" என்றார்.

"ஒருத்தரும் இல்லையெண்டு."

"பேந்து ஏன் மாத்தினனீர்? நான் நல்லாத்தானே ஒளிச்சிருந்தனான்" என்று சிரித்தார். சிரித்து முடிய முகத்தை ஜாக்கெட்டுக்குள் புதைத்துக்கொண்டார்.

அந்தப் பொலிஸ்காரி அவருக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். முழங்கால் வலியோடும் அவர் எழும்பி நின்று இரண்டு கையாலும் வாங்கினார். அவள் இருங்கள் இருங்கள் என்றாள். அவள் அந்தப் பக்கம் போகும்வரை அவர் இருக்கவில்லை. நான் கோப்பையை வாங்கிப் பிடித்துக்கொண்டேன்.

பொழுது படுவதற்கு முன்னால் குண்டை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று அறிவித்தார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். நாங்களும் தட்டினோம்.

மறுநாள் மழை பெய்தது. நாங்கள் ஏற நினைத்திருந்த ஆற்றுப் படகு ஓடவில்லை. ரயிலில் பக்கத்து ஊருக்குப் போய்விட்டுப் பின்னேரம் திரும்பினோம்.