பாதி ஜெபம்

என் மகள் டிங்கிக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் அந்தப் பாட்டி. பல வருடச் சிறுநீரக நோய். கால்கள் வீங்கியிருந்தன. வெள்ளை முடியை மட்டும் அழகாக வாரிப் பின்னியிருப்பார்.

மாலையானால் சொந்த ஊரான பெக்கான் நானாஸிலிருந்து குடும்பமே போனில் வரும். ஜெபமாலையை உருட்டியபடி பாட்டி ஜெபத்தின் முன்பாதியைச் சொல்ல, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சேர்ந்து பின்பாதியைச் சொல்வார்கள். யாராவது கொட்டாவி விட்டால், "இங்க கேக்குது!" என்பார்.

ஒருநாள் மகளுக்கு இரத்த அணுக்கள் இன்னும் இறங்கிவிட்டதாக டாக்டர் சொன்னார். அன்று மாலை பெரிய மழை. போன் லைன் கிடைக்கவில்லை. பாட்டி என் பக்கம் திரும்பினார்.

"நீ பதில் சொல்லும்மா. இன்னிக்கு ஜெபம் உன் மகளுக்குத்தான்."

"எனக்குத் தெரியாது பாட்டி. நாங்க முருகன் கோயிலுக்குப் போறவங்க."

"அப்ப முருகான்னு சொல்லு லா. மாதா கோச்சுக்க மாட்டாங்க. நான் மட்டும் சொன்னா பாதியிலயே நிக்கும்."

அவர் நிறுத்திய இடத்திலெல்லாம் நான் "முருகா" என்றேன். அடுத்த கட்டில்களுக்குக் கேட்காதபடி மெல்லத்தான் சொன்னேன். "சத்தமா!" என்று அதட்டினார். மகள் கண்ணை மூடிக்கொண்டே சிரித்தாள். காய்ச்சல் கண்ட பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

மகள் தேறிவிட்டாள். நாங்கள் வீட்டுக்குக் கிளம்பிய காலையில் பாட்டியை டயாலிசிஸுக்கு அழைத்துப் போயிருந்தார்கள். சொல்லிக்கொள்ளவும் முடியவில்லை.

இன்றும் மகள் வீடு திரும்பத் தாமதமானால் எனக்குக் கை கால் ஓடுவதில்லை. "முருகா" என்று சொல்ல வாயெடுத்தவள் கொஞ்சம் நிறுத்துகிறேன், பாட்டி முன்பாதியைச் சொல்லி முடிக்கட்டும் என்று.